மௌனத்தில் ஏறிய மலையும் தொலைந்த வங்கி அட்டையும்

ஏறி வருவோர் மூச்சையெல்லாம் எண்ணிக் காக்கும் ஏழுமலை நெடியோனே, அலர்மேல் அமர்ந்து அவனிடம் எமக்காகப் பரிந்து பேசும் தாயே, உம் இருவர் திருவடிகளையும் முதற்கண் வணங்கி, கண்டதையும் பட்டதையும் எழுதப் புகுகிறேன்.

வைகாசித் தேய்பிறைப் பஞ்சமியும் திருவோணமும் கூடிய வெள்ளிக்கிழமை எங்கள் மலைப்பயணத்துக்குக் குறித்த நாள். அதற்கு முதல் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு நானும் என் மனைவி அலமேலுவும் சித்தூரில் பேருந்து ஏறினோம். ஆளுக்கு நூற்றைந்து ரூபாய். புத்தலப்பட்டைத் தாண்டியதும் வழிநெடுக மாம்பழ லாரிகள் நின்றன. சன்னலோரம் அமர்ந்தவர்க்கு மணம் இலவசம். ஐந்து மணிக்குத் திருப்பதி. ஆறு மணிக்குத் திருச்சானூரில் அறுநூறு ரூபாய் வாடகையில் ஓர் அறை.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், மணமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கருவுற்று, இப்போது ஏழாம் மாதம். அவளுக்காக அலமேலு ஒரு நேர்த்திக்கடன் நேர்ந்திருந்தாள்: திருச்சானூரில் தாயாரை வணங்கி வாய் மூடினால், மலையில் பெருமாளைச் சேவித்த பிறகே திறப்பது. முப்பத்தோர் ஆண்டுகள் நகரிப் பள்ளியில் ஓயாமல் பாடம் சொன்னவளுக்கு அது எளிய நோன்பன்று.

வெள்ளி, காலை நாலே முக்கால். அலமேலு பூக்கடையில் நின்றாள். அவளது ஓய்வூதியக் கணக்கின் அட்டையால் நான் பக்கத்து ஏ.டி.எம்மில் மூவாயிரம் ரூபாய் எடுத்தேன். என் மேல்துண்டுக்குப் பை ஏது? பணத்தை அவள் கைப்பையில் போட்டேன். அட்டையை மட்டும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். தாயாரைக் கண் குளிரக் கண்டு வெளியே வந்து, கொடிமரத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தேன். மனம் நிறையாமல் மீண்டும் இருமுறை விழுந்தேன்.

ஆறேகால் மணிக்கு ஷேர் ஆட்டோ. அலிபிரிக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய்.

“இன்னா சாமி, அம்மா ஒண்ணுமே பேசல? கோவமா?” என்றார் ஓட்டுநர்.

“மௌன விரதம்.”

“எங்க வூட்ல ஒரே ஒரு நாள் இருக்கட்டும், நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கிறேன்” என்றார். அலமேலு அவரைப் பார்த்த பார்வையில் வண்டியின் வேகம் சற்றுக் குறைந்தது.

ஆறே முக்கால், அலிபிரி. இங்கிருந்து மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், ஒன்பது கிலோமீட்டர். படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இடுவதற்காக அலமேலு ஓர் அம்மாளிடம் பொட்டலங்கள் வாங்கினாள். நான் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். மடிப்பில் அட்டை இல்லை.

வேட்டியை உதறினேன், துண்டை உதறினேன், கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். கொடிமரத்தின் முன் மூன்று முறை விழுந்தேனே, அங்கேதான் நழுவியிருக்கும் என்று வாய்விட்டுப் புலம்பினேன். அந்தக் கணக்கில் இருந்தது மகளின் மகப்பேற்றுச் செலவுக்கென்று அலமேலு பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம். ஐயாயிரம் ரூபாய் வரையில் இரகசிய எண் கேட்காமல், கருவியில் தட்டினாலே கடைக்காரருக்குப் பணம் போய்விடும் அட்டை அது.

என் கைபேசியில் வங்கியின் உதவி எண்ணை அழைத்தேன். தமிழ் பேசும் ஒரு பெண் கிடைத்தார்.

“கார்டு உங்க பேர்ல இருக்கா சார்?”

“என் மனைவி பேரில்.”

“அவங்க பிறந்த தேதி?”

“பங்குனி மாதம், உத்திரட்டாதி, இரண்டாம் பாதம்.”

“தேதி சார். நட்சத்திரத்த சிஸ்டம் எடுக்காது.”

நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவள் பிறந்த நாளை நட்சத்திரத்தாலேயே கொண்டாடி வந்தவன் நான். ஆங்கிலத் தேதி தெரியாமல் விழித்தேன்.

“அம்மாகிட்டயே போனைக் குடுங்க சார். அவங்க பேசினாத்தான் முடியும்.”

விரதத்தை விளக்கினேன். அந்தப் பெண் இரக்கத்தோடுதான் சொன்னார்: “பேரையும் தேதியையும் மட்டும் சொல்லச் சொல்லுங்க சார். ரெண்டே வார்த்தை. லேட்டானா உங்களுக்குத்தான் நஷ்டம்.”

கைபேசியை அலமேலுவிடம் நீட்டினேன். “பெருமாள் பொறுப்பார், பேசிவிடு” என்று நானே சொன்னேன். இன்று எழுதவும் கூசுகிறது. பணமும் மகளுக்காக, விரதமும் மகளுக்காக. அவள் முதற்படியைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள். கண் நிறைந்தது. உதடு பிரிந்தது.

“வாணாம்மா!” என்று மஞ்சள் விற்ற அம்மாள் எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். என் பக்கம் திரும்பி, “ஏன் சாமி, உன் போன்ல கூப்டா நீ யாருன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? பேங்க்ல குடுத்த நம்பர் அம்மாவோடதுதானே? அந்தப் போன்ல கூப்புடு. மொதல்ல மிஷின்தான் பேசும். கார்டு தொலஞ்சிதுன்னா இன்ன நம்பர அமுக்குன்னு சொல்லும். வாயத் தொறக்கவே வாணாம். போன வருசம் புத்தூர் சந்தைல என்து போச்சே, நான் அப்பிடித்தான் நிறுத்தனேன்” என்றார்.

அலமேலு தன் கைபேசியில் அழைத்தாள். இயந்திரக் குரல் சொன்னபடி எண்களை அழுத்தினாள். அட்டையின் கடைசி நான்கு எண்களைக் கேட்டது. நான் திகைத்தேன், அவளோ, காலையில் பணம் எடுத்ததற்கு வந்திருந்த குறுஞ்செய்தியைத் திறந்து, அதில் கண்ட எண்களை இட்டாள். ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு, அட்டை முடக்கப்பட்டது என்ற செய்தி வந்தது.

ஏழு மணி பதினொன்றுக்கு இன்னொரு செய்தி: நகரின் ஏதோ ஒரு கடையில் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு அட்டை தட்டப்பட்டதாகவும், முடக்கத்தால் மறுக்கப்பட்டதாகவும். ஏழு நிமிட இடைவெளி! முதற்படியிலேயே அமர்ந்து, அந்தச் செய்தியை மீண்டும் ஒருமுறை படித்தேன். தட்டிய கை யாருடையதோ; அவருக்கும் தாயார் நல்லறிவு அருளட்டும்.

மஞ்சள் அம்மாளுக்கு நூறு ரூபாய் கொடுக்க முயன்றேன். “எனக்கு எதுக்கு? மேல போய் உண்டியல்ல போடு. கீழ வுழுந்து கும்புடும்போது மட்டும் இடுப்பப் புடிச்சிக்கினு வுழு” என்றார். அலமேலு அவர் இரு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

ஏழரைக்கு ஏறத் தொடங்கினோம். அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சளிட்டு வந்தாள். அடியார் பாடிய பாசுரங்களை நான் வாய்விட்டுச் சொல்லியபடி ஏறினேன். பேசாமல் ஏறியவளின் தமிழே அன்று பெருமாள் செவிக்கு முதலில் எட்டியிருக்கும் என்று தோன்றியது. ஒன்றரை மணிக்கு மலையுச்சி. முன்பதிவு செய்த முந்நூறு ரூபாய்ச் சீட்டில் மூன்று மணிக்கு வரிசை. ஐந்தரைக்குத் திருமுகம் கண்டோம்.

வெளியே வந்து கால் நாழிகையாகியும் அவள் பேசவில்லை. என்மேல் பெருஞ்சினம் போலும் என்று அஞ்சி, “விரதம்தான் முடிந்ததே. திட்டுவதானால் திட்டிவிடு” என்றேன்.

“கீழ நின்னப்போ நெறைய வெச்சிருந்தேன்” என்றாள், கம்மிய குரலில். “படிக்கு ஒண்ணாப் போட்டுக்கிட்டே வந்தேன். மேல வரும்போது ஒண்ணும் மிச்சமில்ல. பசிக்குது, எதனா வாங்கிக் குடுங்க.”

சனிக்கிழமை நண்பகல் சித்தூர் திரும்பினோம். திங்களன்று எங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்தோம். புதிய அட்டை பத்து நாளில் அஞ்சலில் வருமாம். மலையில் சன்னிதியில் நின்றது சில நொடிகளே. வீட்டிலோ நாள் முழுதும் பெருமாள் படத்தின் முன்தான் இருக்கிறோம். ஆயினும் அந்த நொடிகளுக்கு நன்றி சொல்ல இந்த நாட்கள் போதவில்லை.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி, குறையின்றி வாழ்க. உங்கள் பொருள் உங்கள் கையை விட்டு நீங்காதிருக்க. நீங்கினாலும் அழைக்க வேண்டிய எண் நினைவில் நிற்க. அதுவும் மறந்தால், எழுந்து வந்து உதவும் ஒருவரைத் தாயார் உங்கள் அருகே அமர்த்தி வைக்க. மங்களம் பெருகுக.