பலவீனம் என்ற கட்டம்

பிள்ளைகளே, இதைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளம் வாசிக்கிற வேகத்தில் உங்களுக்குத் தமிழ் வராது என்று தெரியும். தடுமாறினால் அம்மாவிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்வாள். மற்ற வீடுகளில் மாட்டியிருப்பதைப் போல அத்தாவின் சர்ட்டிபிகேட்டை ஏன் சுவரில் மாட்டவில்லை என்று போன வாரம் கேட்டீர்கள். நான் சத்தம் போட்டுவிட்டேன். அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு, சுக்கு மொத்தக் கடையில் நான் வேலை பார்த்தேன். முதலாளி நம்ம ஆள்தான். வெள்ளிக்கிழமை நமக்கு முன் வரிசையில் தொழுகிறவர். பத்தாம் வகுப்போடு நின்றுபோன என்னைச் சேர்த்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுத்தார். அதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தரகர் மிளகு சாம்பிள் கொண்டுவந்தால் விலையை வாயால் பேசுவதில்லை. தரகரும் வாங்குகிறவரும் கைகோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன, எத்தனை தடவை அழுத்தினால் என்ன என்று அதற்கு ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. போனிலேயே விலை வந்துவிடுகிற இந்தக் காலத்திலும் எங்கள் முதலாளி துண்டை விடவில்லை. அவர் தொழுகைக்கோ வெளியூருக்கோ போனால் துண்டுக்கு அடியில் போகிற கை என் கைதான். சுமை தூக்குகிறவர்களுக்கு அந்த மரியாதை தெரியும். நான் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள்.

ஒரு நாள் முதலாளி சொன்னார்: “ஏய், பின்னாடி கண்ணாடி வெச்சு ஒரு கேபின் கட்டலாம்னு இருக்கேன். கம்பெனிக்காரன் வந்தா பேச ஒரு மேனேஜர் வேணும். நீ ஒரு படிப்பு முடிச்ச பேப்பர் கையில வெச்சுட்டு வா. கேபின்ல கசேர உனக்குத்தான்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். பழைய அரிசிப் பண்டகசாலை ஒன்றின் மாடி. சாயங்காலம் வகுப்பு. பலகைத் தரையில் யாராவது நடந்தால் கீழே அரிசித் தூசி உதிரும் என்று கீழ்க்கடைக்காரர் சண்டைக்கு வருவார். படிப்பு, பிசினஸ் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ. என்னோடு படித்தவர்கள் எல்லாம் உங்கள் வயதுக்குக் கொஞ்சம் மேலே. முதல் நாள் நான் உள்ளே போனபோது எழுந்து நின்றார்கள், நான்தான் வாத்தியார் என்று நினைத்து. அப்புறம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். நானும் சிரித்தேன்.

பாடம் எடுத்த டீச்சர் சின்னப் பெண். ஆலுவாவிலிருந்து வந்துபோனாள். கெட்டவள் இல்லை. என்னை அண்ணன் முறையில் இக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் புரியாத இங்கிலீஷை மலையாளத்தில் சொல்லி, மலையாளத்தில் புரியாததைக் கையை ஆட்டிச் சொல்லிப் புரியவைப்பாள். கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஒரு தொழிலைப் பார்த்து ஆய்வு எழுதவேண்டும் என்றாள். நாலு கட்டம் போட்டுக் கொடுத்தாள். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. நாலும் நிறையவேண்டும்.

நான் எங்கள் கடையையே எழுதினேன். பலம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். சரக்கின் தரம், முதலாளியின் பேச்சு மாறாத குணம், எல்லாம். பலவீனம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“இக்கா, குறையே இல்லாத கடை இந்த உலகத்துல உண்டா? மேனேஜர்னா குறையைப் பார்க்கத் தெரிஞ்சவன். இது காலியா இருந்தா பாஸ் கிடையாது” என்றாள் டீச்சர்.

யோசித்து எழுதினேன். ‘விலை துண்டுக்கு அடியில் பேசப்படுகிறது. என்ன விலைக்கு வாங்கினோம் என்பது முதலாளிக்கும் ஒரு பணியாளருக்கும் மட்டுமே தெரியும். இந்த இருவரும் இல்லாத நாளில் கடை நின்றுவிடும். முடிவெல்லாம் ஒரே ஆளிடம் இருக்கிறது.’ இதில் ஒரு வரி பொய் இருந்தால் சொல்லுங்கள். எந்த விலையையும் நான் எழுதவில்லை. எந்த விரலுக்கு என்ன கணக்கு என்றும் எழுதவில்லை. டீச்சர் வாசித்துவிட்டு, கல்லூரியிலேயே இதுதான் நல்ல ஆய்வு என்றாள்.

ஆய்வு வாசிக்கிற நாளில் அந்தந்தத் தொழிலின் முதலாளியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கம். நான்தான் போய் அழைத்தேன். கேபின் நாற்காலிக்கு இதுதான் கடைசிப் படி என்று இருந்தேன். முதலாளி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வகுப்புக்கு ஒரு பெட்டி சமோசா கொண்டுவந்தார். “நம்ம பயலோட காலேஜ்” என்று மாடிப்படியில் எல்லாரிடமும் சொன்னார்.

பலத்தை வாசிக்கும்போது தலையாட்டிக்கொண்டே இருந்தார். பலவீனம் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது.

“இக்கா, கொஞ்சம் உறக்கே, பின்னாடி கேக்கல்ல” என்றாள் டீச்சர்.

உறக்கே என்றால் சத்தமாக. சத்தமாக வாசித்தேன்.

பிறகு முதலாளியை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து சிரித்தார். “நம்ம கடையில இத்தன ஓட்டை இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. நல்ல வேளை, காலேஜ்ல கண்டுபிடிச்சுச் சொன்னாங்க” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினாள். பொன்னாடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். கூடவே போன என்னிடம், “நீ இருந்து சாயா குடிச்சிட்டு வா” என்று சொல்லிவிட்டுத் தனியாக ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் முதலாளி திட்டவில்லை. சம்பளத்திலும் கைவைக்கவில்லை. துண்டை மட்டும் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். தொழுகைக்குப் போகும்போது தரகர்களைக் காத்திருக்கச் சொன்னார். நான் வாசித்த நாலு கட்டமும் அதற்குள் பஜாருக்கு எட்டிவிட்டது. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், கடைக்கு வரவில்லை. வயதான தரகர் ஒருவர் சாம்பிளோடு வந்தார். என்னோடு ஆயிரம் பேரம் முடித்தவர். மூத்தவர் என்பதால் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை நீட்டினேன். அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“மொதலாளி வரட்டும் தம்பி. கோவிச்சுக்காதீங்க.”

“நான் என்னைக்காவது ஒரு விலைய வெளிய சொல்லியிருக்கேனா காக்கா?”

“சொல்லல. ஆனா துண்டப் பத்தி எழுதி வாசிச்சிட்டீங்களே. நாளைக்கு மத்ததையும் எழுதமாட்டீங்கன்னு யாரு கண்டா?”

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் இதைக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து எனக்கு மேனேஜர் என்று பேர். “மேனேஜரே, இந்த மூட்டைக்கு பலமா, பலவீனமா?” பஜார் முழுக்கச் சிரித்தது.

கேபின் கட்டி முடிந்தது. உள்ளே முதலாளியின் தங்கை மகன் உட்கார்ந்தான். முதல் வகுப்பில் பாஸ் ஆன பேப்பரை நான் முதலாளியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், தடவிக்கூடப் பார்த்தார்.

“நல்லாப் படிச்சிருக்க. அவன் ஒண்ணும் படிக்கல. ஆனா அவன் வாய் இருக்கவேண்டிய எடத்துல இருக்கும்” என்றார்.

நான் அன்றே நின்றுவிட்டேன். டீச்சருக்கு போன் செய்தபோது, “அவர் பழைய காலத்து ஆளு இக்கா, விடுங்க. உங்க ஆய்வைத்தான் அடுத்த பேட்சுக்கு மாதிரியாக் காட்டறோம்” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பாடம் முடிந்துவிட்டது. எனக்குக் கை போய்விட்டது. துண்டுக்கு அடியில் யாரும் பிடிக்காத கைக்கு பஜாரில் வேறு எந்தக் கடையிலும் வேலை இல்லை.

பிறகு ஆலுவாவில் ஒரு பார்சல் கம்பெனியில் மேசை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். கேள்வி கேட்ட பையன் டை கட்டியிருந்தான். என் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இத்தன வருஷம் நின்ன கடையில என்ன குறை பாத்தீங்க, சேட்டா?”

“ஒரு குறையும் இல்ல சார்” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

“நல்ல கடை சார். நல்ல மொதலாளி.”

அவன் பேப்பரை மடித்துத் திருப்பித் தந்தான். மேசை வேலை வேறு யாருக்கோ போயிற்று. என்னை வாசலில் நின்று பார்சல் இறக்குகிற இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

“தெரிஞ்சதைச் சொல்லியிருக்கலாமேங்க” என்றாள்.

“இன்னொரு தடவையா? எவன்கிட்ட?” என்று கேட்டேன்.

அவள் சோறு போட எழுந்து போனாள். நான் பேப்பரை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.