சும்மாட்டுக்கு விழுந்த ரப்பர் கொட்டைகள்

கையில் சவரக்கத்தி வைத்திருப்பவர் சொல்லும் செய்தியை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வேலைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த முடிவெட்டும் அண்ணன் அது தெரிந்துதான் உலகச் செய்தியையெல்லாம் பாதிச் சவரத்தில் ஆரம்பிப்பார். கிள்ளானில் கப்பல் சரக்கோடு வந்து சேரும் பழைய தமிழ்ப் பேப்பர் எப்படியோ அவர் கடைக்கு வந்துவிடும். எனக்கு எழுத்துத் தெரியாது. இன்ஜினுக்கு அடியில் படுத்துக் கரியும் எண்ணெயும் துடைக்கிற வேலை. அதற்குப் படிப்பு எதற்கு? சாம்பல் விழும்போது கண்ணை மூடத் தெரிந்தால் போதும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். அவள் நடுவில் எதையாவது மாற்றுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

அன்று என் ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் மறு கன்னம் சோப்பு நுரையாகவும் இருந்தபோது அண்ணன் கத்தியை நிறுத்தினார்.

"அமெரிக்காவுல ராசா கிடையாது, தெரியுமா? நாலு வருசத்துக்கு ஒரு தடவ சனம் ஓட்டுப் போட்டு ஒரு ஆள வைக்குது. ஆனா அதுக்கு முன்னாடியே இன்னொரு ஓட்டு இருக்கு."

"ஓட்டுக்கே ஓட்டா?" என்றேன், தாடையை அசைக்காமல்.

"ஆமாண்டா. ஒரே கட்சியில நாலு பேரு நிக்கணும்னு வந்தா என்னா செய்யுறது? முந்தியெல்லாம் பெரிய மனுசனுங்க கதவச் சாத்திக்கிட்டு, சுருட்டுப் புடிச்சிக்கிட்டு, 'நீ நில்லு'ன்னு ஒருத்தன கை காட்டுவானுங்க. சனத்துக்குக் கடுப்பாயிருச்சு. ஆள நாங்கதான் பொறுக்குவோம்னுட்டாங்க. அதுக்குப் பேரு முன்தேர்தல்."

"பொறுக்குனா நல்ல ஆளா வருமா?"

"அங்கதான் இருக்கு கூத்து. பழைய ஆளுங்க மேல இருக்குற கோவத்துல, யாரு எவருன்னே தெரியாத வெளியாளுக்கெல்லாம் போட்டுடறாங்களாம். பொம்பளைங்களும் போடுறாங்களாம்டா!"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது கடை வாசலில் தண்ணீர் டின்னோடு போய்க்கொண்டிருந்த கடைசி வீட்டு அக்கா நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. என் மூளை எப்போதும் இன்ஜினுக்குக் கடைசிப் பெட்டி மாதிரி, பின்னால்தான் வந்து சேரும்.

எங்கள் லயத்தில் முப்பத்தொரு வீடு. ஒரே குழாய். அதுவும் மேட்டில் இல்லை. செங்கல் சூளைக்காரர்கள் களிமண் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில், மண்டோர் வீட்டு வாசலில் இருந்தது. மண்டோர் என்றால் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேலாள். அவர் வீட்டு அண்டா நிறைந்த பிறகுதான் வரிசை நகரும். அப்புறம் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு களிமண் சரிவில் ஏற வேண்டும். மழை பெய்தால் அந்தச் சரிவு எண்ணெய் தடவின மாதிரி இருக்கும்.

முந்தின வருஷம் என் மனைவி அந்தச் சரிவில்தான் விழுந்தாள். இடுப்பில் டின், வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை தங்கவில்லை. இந்த வருஷம் மறுபடி வயிறு. அதனால் நான் ஒரு முடிவு எடுத்தேன்: தண்ணீர் நானே தூக்குவது. என் பழைய கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்துச் சும்மாடு கட்டி, தலையில் டின்னை வைத்து, பொம்பளைகள் வரிசையில் நின்றேன். லயத்திலேயே அப்படி நின்ற ஒரே ஆம்பளை நான்தான். ஷெட்டில் எனக்கு 'குடத்தக்கா' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேருக்கு முதலில் சிரித்தவனும் நான்தான், வேறு வழி?

அந்தச் சமயத்தில்தான் லய வீடுகளைப் பார்த்துக்கொள்கிற துரை ஒரு செய்தி அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவார். லயத்துக்காக ஒரே ஒரு ஆள் பேச வேண்டும், ஒரே ஒரு காரியம் கேட்க வேண்டும். அந்த ஆளை ஆம்பளைகள் எல்லாரும் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்போதும் பேசுவது மண்டோர்தான். குழாய் தன் வாசலில் இருக்கும்வரை அவர் இன்னொரு குழாய் கேட்க மாட்டார். அவரை எதிர்த்து ரெண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் இங்கிலீஷ் தெரிந்த டைம் கீப்பர். தன் வீட்டுப் பாதைக்கு விளக்கு வேண்டும் என்றார். இன்னொருவர் கோயில் காரியம் பார்க்கிற பெரியவர். திருவிழா மேளக்காரர்களுக்குக் கொட்டகை வேண்டும் என்றார். ரெண்டு பேர் வாயிலும் குழாய் வரவில்லை. இவர்கள் ரெண்டு பேரும் நின்றால் கைகள் பிரிந்து மண்டோர்தான் ஜெயிப்பார் என்பது எனக்கே புரிந்தது.

முடிவெட்டும் அண்ணன் குதித்தார். "அமெரிக்கா மாதிரி செய்வோம்லா! முன்தேர்தல் வெச்சி ரெண்டுல ஒண்ணப் பொறுக்குவோம்."

ஆனால் ஆம்பளைகள் மூன்று ஷிப்டில் வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லாரும் ஒரே இடத்தில் சேரவே மாட்டோம். தினமும் எல்லா வீடும் வந்து சேர்கிற இடம் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னது கடைசி வீட்டு அக்கா.

"குழாய்க்கிட்ட வைங்க. ரெண்டு பால் டின்னு. வீட்டுக்கு ஒரு ரப்பர் கொட்டை. யாரு தண்ணி தூக்குறாங்களோ அவுங்கதான் போடணும்."

"பொம்பளைங்களா?" என்றார் கோயில் பெரியவர்.

"அப்ப நீங்க வந்து தண்ணி தூக்குங்க பெரியப்பா, நீங்களே போடுங்க."

பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே சம்மதித்துவிட்டார். வெறும் முன்தேர்தல்தானே, விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை விடியும்போது டின்னோடு போனேன். குழாய்த் திட்டில் பால் டின்கள் இருந்தன. டைம் கீப்பர் டின் மேல் ஒரு பென்சில் துண்டு. பெரியவர் டின் மேல் ஒரு வெற்றிலை. ஆனால் மூன்றாவதாக ஒரு டின் இருந்தது. அதன் மேல் ஒரு சும்மாடு. கட்டம் போட்ட சாரத் துணி. நான் கிழித்த சாரத்தின் மீதித் துணி!

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

"இது யாரு வெச்சது?" என்றேன்.

"என்னாண்ணே?"

"இந்த மூணாவது டின்னு!"

"அட, மூணா இருக்கு? நான் ரெண்டுன்னுல்ல நெனச்சேன்."

இது மண்டோர் வேலை என்று அப்போதே முடிவு கட்டினேன். என்னை வைத்து ஏதோ கூத்து நடத்தப் போகிறார்கள். என் வீட்டுக்கு நான்தான் கொட்டை போட வேண்டும். சும்மாட்டு டின்னில் போட்டால் என்னை நானே நிறுத்திக்கொண்டேன் என்பார்கள். அதனால் என் கொட்டையை டைம் கீப்பர் டின்னில் போட்டேன். தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்ட ஆள் அமெரிக்காவில்கூட இருந்திருப்பானா, தெரியாது.

மத்தியானம் டின்களைக் கவிழ்த்தார்கள். பென்சிலுக்கு ஐந்து. வெற்றிலைக்கு நான்கு. சும்மாட்டுக்கு மீதி அத்தனையும்.

முடிவெட்டும் அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்தார். "வெளியாளுடா நீ! பேப்பர்ல போட்டிருந்தது அப்படியே நடந்திருச்சு!"

"நான் வெளியாளா? இதே லயத்துல ஒம்பது வருசமா இருக்கேன்."

"பெரிய மனுசன் இல்லன்னா வெளியாள்தான்."

சாயங்காலம் மண்டோர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை என்னை "டேய் கரி" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத் "தம்பி" என்றார்.

"தம்பி, நீ நிக்கிறதுல எனக்கு ரொம்ப சந்தோசம். தொரைக்கு முன்னால இப்படி வெறும் ஒடம்போட நிக்கக் கூடாது. இந்தா, என் பழைய கோட்டு."

அவர் போனதும் கோட்டின் பைகளைத் துழாவினேன். ஒன்றுமில்லை. உள்தையலைத் தடவினேன். ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் குடுத்தாரு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க கோட்டு போட்டா கொரங்கு மாதிரி இருப்பீங்க. தொரை சிரிப்பாரு. சனம் கை தூக்காது. அவரு ஜெயிச்சிருவாரு. இதுக்கு எதுக்குத் தையலப் பிரிக்கிறீங்க?"

அவளுக்கு எல்லாம் இவ்வளவு சீக்கிரம் புரிவதும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"அந்த மூணாவது டின்னு வெச்சது நீதானே? சாரத்தோட மீதித் துணி வீட்டுலதான இருந்துச்சு?"

"நான் எங்க குழாய்க்கு வரேன்? என்னத்தான் படியெறங்கக் கூடாதுன்னு ஒக்கார வெச்சிட்டீங்களே." பிறகு அரிசியைக் களைந்துகொண்டே, "கடைசி வீட்டு அக்கா கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள்.

"என்னைய ஏன்?"

"வேற எந்த ஆம்பளைக்கு அந்த டின்னோட கனம் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. கோட்டுப் போடாமல்தான் போனேன். ஆம்பளைகள் முன்னால் நின்றோம். மண்டோருக்கு யார் என்றதும் பாதிக் கைகள் எழும்பிவிட்டன. நாளைக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தானே. எனக்கு யார் என்றதும் முடிவெட்டும் அண்ணன் கை மட்டும் எழும்பியது. அவர் லயத்து ஆளே இல்லை. அந்தக் கை கணக்கில் வராது. மண்டோர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். பொம்பளைகள் வெறும் டின்களைக் கொண்டுவந்து அவரவர் புருஷன் காலடியில் வைத்தார்கள். ஒன்று, இன்னொன்று, வரிசையாக.

"நாளையில இருந்து நீயே தூக்கு" என்று கடைசி வீட்டு அக்கா தன் புருஷனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

கைகள் எழும்பின. முதலில் மண்டோருக்குத் தூக்கிய கைகளும் சேர்ந்து எழும்பின. துரை மறுபடி எண்ணச் சொன்னார். ஜெயித்துவிட்டேன்.

துரைக்கும் எனக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல டைம் கீப்பர் வந்து நின்றார். தோற்றவர் மொழிபெயர்த்தால் என் குழாய் அவர் விளக்காக மாறிவிடும் என்று தோன்றியது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் துரைக்குச் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் வரும், எனக்கும் வரும். நிறைந்த டின் ஒன்றைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"துவான், அங்காட்" என்றேன். ஐயா, தூக்குங்கள் என்று அர்த்தம்.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். துரை என்னைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், குனிந்து தூக்கினார். நாலடி நடந்தார். தண்ணீர் தளும்பி வெள்ளைச் சப்பாத்து முழுக்கக் களிமண். டின்னைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே வேண்டும்?" என்று மலாயில் கேட்டார்.

நான் மேட்டைக் கை காட்டினேன். மேடு பெரியது. என் விரல் மட்டும் எப்படியோ சரியாக என் வீட்டு வாசலில் போய் நின்றது.

குழாய் வந்து பதினேழாம் நாள் மகள் பிறந்தாள். இதை எழுதுகிறவள்.

ஒரு வருஷம் நான்தான் தலைவர். மண்டோர் கோட்டை எடுத்துப் போட ஆரம்பித்தேன், குளிருக்குத்தான். வாசலிலேயே குழாய் இருந்ததால் தண்ணீர் தூக்கும் வேலையும் எனக்கு மறந்துவிட்டது. எங்கள் வீட்டு அண்டா நிறைந்த பிறகுதான் வரிசை நகர்ந்தது என்று சிலர் பேசினார்கள். யார் பேசினார்கள் என்று கண்டுபிடிக்க ரொம்ப முயற்சி செய்தேன்.

அடுத்த முறை துரை வருவதற்கு முன்னால் மறுபடி பால் டின்கள். என் டின் மேல் அதே சும்மாடு. பக்கத்தில், யாரும் சொல்லாமல், இன்னொரு டின். அதன் மேல் ஒரு வாளிக் கைப்பிடி. கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒண்டிக்கட்டை ஒருவர் வாளியில் தானே தண்ணீர் பிடிப்பார். வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

கவிழ்த்தபோது என் டின்னில் ஒரு கொட்டைகூட இல்லை.

ராத்திரி வரை பொறுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். "நம்ம வீட்டுக் கொட்டை எங்க?"

"வாளியில போட்டேன்."

"நீயுமா?"

"இப்ப தண்ணி யாரு தூக்குறா? நாந்தான?" என்றாள் மனைவி. "வாசல்லயே குழாய் இருக்கு. உங்களுக்கு எதுக்கு இன்னும் தலைவரு பதவி?"

துரை வந்தார். கைகள் தூக்கினோம், நானும் தூக்கினேன், டின் என் காலடிக்கு வருவதற்கு முன்பே. இன்னொரு குழாய் எங்கே வேண்டும் என்று துரை கேட்டார். அந்தக் கிள்ளான்காரரின் விரலையே பார்த்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். விரல் கோயிலைத் தாண்டியது, டைம் கீப்பர் வீட்டைத் தாண்டியது, கடைசி வீட்டு அக்கா வாசலில் போய் நின்றது. பொம்பளைகள் எல்லாருக்கும் சந்தோஷம்.

அவர் குடியிருந்தது கடைசிக்கு முந்தின வீடு.