சார் ஃபைல் முதலில்

பாலக்கரை லூர்துராணிக்கு மரியாதை தெரியும் என்று ஊரே சொல்லும். திருவிழா நோட்டீஸில் பங்குச் சாமியார் பேருக்கு மேலே வேறு பேர் வந்துவிடக் கூடாது என்று அச்சகத்துக்கே போய் நின்றவள். கணக்கில் பட்டம் வாங்கி, 1989-இல் கண்டோன்மென்ட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதுவே வினையாயிற்று.

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதினார்கள். பூவன், ரஸ்தாளி என்று ரகங்களின் பட்டியலை எழுதியவன் அமிர்தராஜ். துறையூர்க்காரன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழுக்கவைக்கும் அறைகளின் பகுதியை எழுதியவர் மேலாளர் அற்புதசாமி. எல்லா ஃபைல்களையும் ஒன்றாக இணைப்பது லூர்துராணியின் வேலை. முந்தின நாள் வரை நன்றாகத்தான் ஓடியது. மண்டிக்காரர் பார்க்க வருகிற அன்று காலை, இணைக்கும் வரிசையில் அற்புதசாமி சாரின் ஃபைல் கடைசியில் கிடப்பது அவளுக்கு உறுத்தியது. தூக்கி முதலில் வைத்தாள்.

மண்டிக்காரர் முன்னால் புரோகிராம் அசையவே இல்லை.

"ரகப் பட்டியல் காலியா இருக்கு சார். அமிர்தராஜ் ஃபைல்லதான் கோளாறு," என்றாள்.

"இந்த மாசத்தோட அவன நிப்பாட்டிடலாம்," என்றார் சார். அமிர்தராஜ் தலைகுனிந்து நின்றான்.

மத்தியானம் உட்கார்ந்து தேடியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. புரோகிராம் வேலையைத் தொடங்குமுன், ஒவ்வொரு ஃபைலிலும் மற்ற ஃபைல்களுக்கும் பொதுவான பட்டியல்கள் உருவாகியாக வேண்டும். அங்கே அது இணைத்த வரிசைப்படி நடந்தது. முதலில் எழுந்த சாரின் அறைகள் ரகங்களைக் கேட்டன. பட்டியல் அப்போது பிறக்கவே இல்லை. சோறு வேகுமுன் பந்தியில் ஆளை உட்காரவைத்த கதைதான். வரிசையைத் திருப்பி வைத்தால் ஓடும், ஆனால் நாளைக்கு இன்னொருவர் மாற்றினால்? கூப்பிட்டால் மட்டும் ஓடுகிற ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பட்டியலை அதற்குள் வைத்தாள். இனி யார் முதலில் கேட்டாலும் அந்தக் கணமே உருவாகிக் கைக்கு வரும்.

ஓடியது. "அவன் கெடுத்தத நீ நிமித்திட்டம்மா," என்றார் சார். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தப் பாராட்டு இனித்தது, அதுதான் கேவலம். தான் வரிசையை மாற்றியதை மறைத்துவிட்டாள்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் அமிர்தராஜ் காத்திருந்தான். "சரி பண்ணிட்டீங்களாமே, ரொம்ப தேங்க்ஸ்க்கா. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த எடத்துலயாவது பண்ணாம இருக்கேன்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "உம்மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. சார் ஃபைல் மேல இருக்கணும்னு நான்தான் வரிசைய மாத்துனேன். அதான் கெட்டுச்சு."

அவன் கோபப்படவில்லை. "இத சார்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டான்.

அந்நேரம் சார் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார். லூர்துராணி ஒதுங்கி, சார் முதலில் போக வழிவிட்டாள்.