அறுபத்தொண்ணாம் நம்பர் மரம்

காட்டுல பேய் இருக்கான்னு யாராவது கேட்டா, அட்டை இருக்கு, ஆனை இருக்கு, வழுக்குற பாறை இருக்கு, வேற ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுறவன் நான். இருபது வருசம் கூப்புல, அதான் காட்டுக் குத்தகையில, மரம் வெட்டினவன். ஒத்தையில காட்டுல படுத்து எந்திரிச்சிருக்கேன். ஒண்ணையும் பார்த்ததில்ல. இதையும் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். கேட்டேன். அவ்வளவுதான். நீங்க சிரிச்சாலும் சரி.

சீனாக்காரன் சண்டை முடிஞ்ச மறுவருசம். மெட்ராஸ்ல காலேஜ் முடிச்சிட்டு மேல ஆராய்ச்சி பண்ணுறதுக்குன்னு ராகவன்னு ஒரு பையன் குத்தாலம் வந்தாரு. இருபத்தி நாலு வயசு இருக்கும். செண்பகாதேவிக்கு மேல ஒரு சரிவைத் தேடிப் பிடிச்சு, அதுல அறுபது மரத்துக்கு நம்பர் போட்ட தகரத் தகட்டை அடிச்சோம். மாசம் ஒருதரம் ஒவ்வொரு மரத்தோட சுத்தளவையும் டேப்பு வச்சு அளக்கணும். காடு வருசத்துக்கு எவ்வளவு வளருதுன்னு கணக்கு இருந்தாத்தான், இதுக்கு மேல வெட்டாதேன்னு கூப்புக்காரங்கிட்ட சொல்ல முடியும்னாரு. வெட்டுறதுக்குத்தான் மரத்தை அளந்திருக்கேன். நிக்கிறதுக்காக அளந்தது அதுதான் மொதத் தடவை.

வேலைக்கு ஒரு முறை வச்சிருந்தாரு. நான் டேப்பைச் சுத்திப் பிடிச்சு நம்பரையும் அளவையும் சத்தமாச் சொல்லணும். அவரு தள்ளி நின்னு அதையே திருப்பிச் சொல்லி நோட்டுல எழுதுவாரு. அவரு திருப்பிச் சொன்ன பொறவுதான் நான் டேப்பைத் தளத்தணும்.

"ஏன் சார், எனக்குக் கண்ணு தெரியாதா?"

"உங்க கண்ணு சரிதான் அண்ணாச்சி. என் காதுதான் செவிடு"ன்னு சிரிப்பாரு.

வைகாசிக் கடைசியில அவரு மெட்ராஸ் போயிட்டாரு. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் நீங்களே அளந்து எழுதிருங்கன்னு ஒரு டேப்பும் நோட்டும் குடுத்துட்டுப் போனாரு. கூலியும் குடுத்துட்டுத்தான் போனாரு.

நான் போகல. சொல்லிருதேன். சாரல் விடாமப் பெய்யுது, பாறையெல்லாம் பாசி, எனக்குக் காய்ச்சல் வேற. டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதினேன். மரம்னா வளரத்தானே செய்யும். ஒவ்வொண்ணுக்கும் மாசம் கால் இஞ்சு கூட்டிப் போட்டேன்.

புரட்டாசியில வந்தாரு. நோட்டைப் பார்த்து ரொம்ப சந்தோசம். மறுநாள் ரெண்டு பேரும் மேல போனோம். பதினேழாம் நம்பர் மரம் வேரோட சாஞ்சு கெடக்கு. இலையெல்லாம் உதுந்து, பட்டையில காளான் பூத்திருக்கு. விழுந்து மூணு மாசத்துக்குக் குறையாது.

நோட்டைப் பிரிச்சாரு. மரத்தைப் பார்த்தாரு. நோட்டைப் பார்த்தாரு.

"செத்த மரம் முக்கால் இஞ்சு வளந்திருக்கே அண்ணாச்சி."

நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். ஏசல. அவரு தங்கியிருந்த லாட்ஜ் வாசல்ல நின்னு, "நாளைக்கு நீங்க வரவேண்டாம்"னாரு. அதுதான் அவரு எங்கிட்ட கடைசியாச் சொன்னது.

மறுநாள் ஒத்தையில போனாரு. மத்தியானம் நல்ல மழை. திரும்பல.

ஆறு நாள் தேடினோம். பாரஸ்ட் ஆளுங்க, தென்காசி போலீசு, கூப்பு ஆளுங்க நாங்க இருபது பேரு. ஆத்துல தண்ணி செம்மண்ணாப் போகுது. வெள்ளம் இழுத்துட்டுப் போயிருக்கும்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அவங்க அப்பா லாட்ஜ்லயே உக்காந்திருந்தாரு, வாத்தியார். கொள்ளி வைக்க உடம்பாவது கிடைக்குமான்னு வாற போறவங்ககிட்டல்லாம் கேட்டாரு. ஆறாம் நாள் சாயங்காலம், நாளைக்கு ரயிலுக்குப் போறேன்னு சொன்னாரு. என் பேரைக் கேட்டுட்டு கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"மாடசாமி நீங்கதானா? உங்களைப் பத்தி எழுதியிருந்தான். நீங்க அளந்தா கால் இஞ்சு கூடத் தப்பாதாமே."

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன், தட்டைத் தள்ளி வச்சிட்டேன். பொண்டாட்டி என்னன்னு கேட்டா. ஒண்ணுமில்லட்டின்னேன்.

விடிஞ்சதும் எங்கிட்ட இருந்த டேப்பை எடுத்துக்கிட்டு மேல ஏறினேன். எதுக்குன்னா, அந்த அறுபதையும் ஒருதரம் ஒழுங்கா அளந்து அந்தப் பெரியவர் கையில குடுத்திரணும்னு. வேற ஒண்ணும் தோணல.

காடெல்லாம் மஞ்சு. பத்தடிக்கு அங்கன ஒண்ணும் தெரியல. ஒண்ணாம் நம்பர்ல டேப்பைச் சுத்தி, பழக்கத்துல சத்தமாச் சொல்லிட்டேன். சொல்லிட்டு நின்னேன், பதிலுக்கு. யாரு இருக்கா. எழுதிகிட்டேன். அப்படியே பதினாறு வரைக்கும் வந்துட்டேன்.

பதினேழு. சாஞ்சு கெடந்த மரத்துல அளக்க என்ன இருக்கு. தகட்டைத் தொட்டுச் சொன்னேன்.

"பதினேழு. செத்துப் போச்சு."

மஞ்சுக்குள்ள இருந்து வந்துச்சு. "பதினேழு. செத்துப் போச்சு."

பாறையில மோதி எதிரொலிக்கும், எனக்குத் தெரியாதா. அதனால, "ஏலே"ன்னு கத்திப் பார்த்தேன். ஒண்ணும் வரல. ரெண்டு தரம் கத்தினேன். வரல. பதினெட்டுல டேப்பைச் சுத்தி, "பதினெட்டு. நாப்பத்தாறே கால்"னேன். "பதினெட்டு. நாப்பத்தாறே கால்"னு வந்துச்சு. அதே குரல். அவரு எழுதிகிட்டே சொல்லும்போது கடைசிச் சொல்லு கொஞ்சம் இழுபடும். அதே இழுப்பு.

ஓடியிருக்கலாம். ஓடல. திருப்பிச் சொல்லச் சொல்ல டேப்பைத் தளத்தி அடுத்த மரத்துக்குப் போனேன். அறுபது வரைக்கும் ஒண்ணு விடல. அளவு தப்பல.

அறுபது முடிஞ்சு டேப்பைச் சுருட்டுறேன். அப்ப அதுவா, நான் சொல்லாமலே, கீழ ஓடைப் பக்கம் இருந்து வந்துச்சு.

"அறுபத்தொண்ணு. முப்பத்தொண்ணரை."

அறுபத்தொண்ணுன்னு ஒரு மரமே கிடையாது. ஆனா சொன்னா திருப்பிச் சொல்லணும்ல. நான் திருப்பிச் சொன்னேன். சொல்லிட்டு அந்தத் திசைக்குப் பாறையைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினேன்.

ஓடைக்கு மேல ஒரு இடுக்குல சின்ன மரம். அது வேருக்கும் பாறைக்கும் நடுவுல கெடந்தாரு. தேடும்போது நாங்க அந்த வழியா நாலு தரம் போயிருக்கோம், மேல இருந்து பார்த்தா தெரியாது. கைக்குள்ள ஆணி, பக்கத்துல டேப்பு. சட்டைப் பைக்குள்ள தகடு, அறுபத்தொண்ணுன்னு ஆணியால கீறியிருந்தாரு. செத்த பதினேழுக்குப் பதிலா ஒண்ணு பிடிக்க வந்திருக்காரு. டேப்பைச் சுத்திப் பிடிக்க ஆளில்லாம தானே எட்டிச் சுத்தப் போயி வழுக்கியிருக்கு.

ஆளைக் கூப்பிடப் போறதுக்கு முன்னால அந்த மரத்தை அளந்தேன். முப்பத்தொண்ணரை.

சாயங்கால ரயிலுக்கு முன்னால அவங்க அப்பாவைப் பிடிச்சிட்டோம். ஆத்தங்கரையில வச்சுக் காரியம் முடிச்சாரு. எப்படிப்பா கண்டுபிடிச்சேன்னு கேட்டாரு. காக்கா கத்துச்சு சாமின்னேன். அறுபது அளவையும் எழுதின நோட்டைக் குடுத்தேன். டீக்கடை பெஞ்சைப் பத்தி அவருகிட்டயும் சொல்லல, போலீசுலயும் சொல்லல. இப்பத்தான் சொல்லுதேன்.

அந்தத் தகட்டை அந்த மரத்துல நானே அடிச்சேன். வருசா வருசம் புரட்டாசியில போய் எல்லாத்தையும் அளக்கேன். பதினெட்டு இப்ப அம்பதைத் தாண்டிட்டு. மத்ததும் அதது வளந்திருக்கு. அறுபத்தொண்ணு பூக்குது, காய்க்குது, துளிர்க்குது. முப்பத்தொண்ணரைதான். நூல் கூட ஏறல.

மத்த மரத்துல சத்தமாச் சொல்லுதேன். அதுல மட்டும் வாயைத் திறக்கிறதில்ல. கால் இஞ்சு கூட்டிச் சொல்லிருவோமான்னு வாய் வரைக்கும் வரும். சொன்னதில்ல.