பழைய சவுண்டே தனி

வாப்பா சவுதியிலிருந்து சுமந்து வந்த ஸ்டீரியோ செட்டை நேற்று ஃபேஸ்புக்கில் விற்பனைக்குப் போட்டிருந்தேன். இன்று காலையிலேயே மேலகரத்திலிருந்து ஒருவர் சாரலில் நனைந்தபடி வந்து நின்றார்.

“இப்ப வாரதெல்லாம் சும்மா நெஞ்சுல இடிக்கும் பாய், அவ்வளவுதான். பழைய சவுண்டே தனி” என்றார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அடுப்படிக்குப் போனால் மனைவி குரலைத் தாழ்த்தி, “விலையே கேக்காம ஒரு ஆளு மழையில வாராருன்னா, எனக்கு என்னமோ சரியாப் படல” என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. டேப் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, நல்ல கேசட்டாகத் தேடிப் போட்டேன்.

“பாட்டெல்லாம் எதுக்கு பாய்? ஓடாட்டியும் பரவால்ல. பின்பக்கத்தக் கழத்துங்க.”

கழற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பூண்டுப் பல்லை எடுத்து, செட்டுக்குள் மெதுவாக நீட்டி உற்றுப் பார்த்தார்.

அப்போதுதான் விளங்கியது. பழைய செட்டுகளுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், கோடிக்குப் போகுமாம், பூண்டைக் கண்டால் விலகி ஓடுமாம். வாட்ஸ்அப்பில் சுற்றிய அதே கதை.

“ஏதாவது ஓடுதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் அசையல பாய்” என்று நிஜமான வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்பினார். போட்ட கேசட் போட்டபடியே கிடந்தது. ஒரு பட்டனைக்கூட அவர் அமுக்கவில்லை.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

‘பழைய சவுண்டே தனி’ என்று இங்கே கமெண்ட் போட வருகிறவர்கள், தயவுசெய்து முதலில் சட்டைப் பையைக் காட்டிவிட்டு எழுதவும்.