காற்றின் மேல் குரோய்டனுக்கு

படுத்தபடி பார்த்தால் லண்டன் வேறு ஊர். கடைகள் இல்லை, கூட்டம் இல்லை, நடைபாதைக் குப்பை இல்லை. மரங்களின் மேல்பாதி, புகைபோக்கிகள், பஸ்ஸின் மேல்தட்டில் கண்ணாடியோடு தலைசாய்த்துத் தூங்குகிறவர்கள், அவர்களுக்கும் மேலே ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானங்கள். அந்த வருடத்து வசந்தம் முழுக்க நான் அந்த ஊரில்தான் இருந்தேன். வீடும் வண்டியுமான எங்கள் பழைய மோட்டார்ஹோமின் பின்கட்டிலில் மல்லாந்து கிடந்து, நாங்கள் குடியிருந்த ஹரோவின் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எனக்கு முதுகெலும்பில் ஒப்பரேஷன் முடிந்திருந்தது. நடக்கலாம், கொஞ்சம் நிற்கலாம், படுக்கலாம். உட்கார மட்டும் முடியாது. கதிரையில் அமர்ந்த சற்று நேரத்தில் இடுப்பிலிருந்து பாதம்வரை கரண்ட் அடிக்கும். காரிலும் ரயிலிலும் உட்காரத்தானே விடுகிறார்கள்! லண்டனின் மறுகோடியில், குரோய்டனில், என் ஒரே மகள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிரஷர் கூடிவிட்டதால் அவள் அலையக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் இங்கே வர வழியில்லை, நான் அங்கே போக வழியில்லை. பிள்ளைப்பேற்று நேரத்தில் பக்கத்தில் இல்லாதவள் என்ன தாய் என்று என்னை நானே கேட்டு அழுதேன். போய்த்தான் என்ன கிழிக்கப் போகிறாய், சமைக்க முடியுமா, பிள்ளையைத் தூக்க முடியுமா என்றும் அதே மனம் கேட்டது. பதில் தெரியாமலே போகவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

மோட்டார்ஹோம் என் கணவருடைய ஆசை. பெற்றோல் ஸ்டேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கிப் போட்டார். நாற்பது வயது தாண்டிய வாகனம். பழசு என்பதற்காகவே புகைவிடும் வாகனங்களிடம் வாங்குகிற கட்டணத்தை லண்டன் அதற்கு மன்னித்துவிட்டது, எனக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. பின் அச்சுக்கு மேலே இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். அதற்குத் துணையாக இரண்டு ரப்பர் காற்றுப்பைகளை முந்திய சொந்தக்காரர் யாரோ பூட்டியிருந்தார். காலையில் எட்டிப் பார்த்தால் பூசைக்கு நடுவில் தூங்கிப்போனவர் போல இந்த வான் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

கட்டிலில் படுத்துக்கொண்டே குரோய்டன் போகலாம் என்பது அவருடைய யோசனை. படுத்திருக்கிறவளைச் சும்மா விடக்கூடாது என்று என்னைக் கட்டிலோடு கட்டிவைக்க இரண்டு பட்டிகளும் பொருத்தினார். முதல்நாள், தெருமுனை வேகத்தடை மேட்டிலேயே நான் அலறிவிட்டேன். வானை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"நோகுதே?"

"இல்லை, பாட்டுப் படிச்சனான்," என்றேன்.

மறுநாளே வீடியோக்களைப் பார்த்துவிட்டு வானுக்கு அடியில் புகுந்தார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, காற்றுப்பைகளிலும் குழாயிலும் பிரஷ்ஷால் பூசினார். பூசிய இடமெல்லாம் நுரை முட்டை விட்டது. ரப்பர் வெடித்துக் காற்றுக் கசிந்துகொண்டிருந்தது. போதாததற்கு, இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்திருந்தார்கள். திரும்பும்போது பாரம் விழுகிற பையிலிருந்து காற்று மற்றதற்கு ஓடிவிட, வான் இன்னும் சாயுமாம். அதனால் புதுப் பைகள், ஆளுக்கொரு குழாய், காற்றடிக்கச் சின்னக் கொம்பிரஷர், ஸ்டியரிங் அருகே காற்றழுத்தம் காட்ட இரண்டு மீற்றர் என்று வேலை நீண்டது.

அந்த நாட்களில் வீட்டில் படுப்பதை விட்டுவிட்டு வானில் படுத்துக்கொண்டேன். எனக்குக் கீழே அவர் முனகுவதும் ஸ்பானர் விழுவதும் கேட்கும். முதல்முறை காற்றை நிரப்பியபோது கட்டில் என்னையும் தாங்கிக்கொண்டு மெல்ல எழும்பியது. ஜன்னலில் தெரிந்த பக்கத்து வீட்டு வேலி கீழே போயிற்று, அவர்கள் கொடியில் காயப்போட்டிருந்த சட்டைகள் கண்ணுக்கு நேரே வந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பரேஷனுக்குப் பிறகு என் உடம்பு நோகாமல் அசைந்தது அன்றைக்குத்தான்.

பிறகு தினமும் வெள்ளோட்டம். காற்றுக் கூடினால் படுக்கை கல்லாகிவிடும். குறைந்தால் மேட்டைத் தாண்டி இறங்கும்போது அடியில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கிருந்த உண்மையான மீற்றர் என் முதுகு.

"இப்ப?"

"கல்லு."

"இப்ப?"

"பரவாயில்லை. ஆனா நல்லாயில்லை."

"இப்ப?"

கூரைக் கண்ணாடியில் செரிப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு அப்பால் மேகங்கள் பின்னோக்கிப் போயின. மேடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை?" என்று பதறினார்.

"ஓம், இதுதான். இந்தக் காத்தை மாத்தாதேங்கோ."

புறப்படுகிற காலையில் நான் சும்மா இருந்தேனா? அரிசி மூட்டைகள், கிரைண்டர், பெரிய சட்டிகள், நல்லெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்குக் கறிவைக்கும் சரக்குத்தூள் என்று குசினியையே ஏற்றச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், அவரும் ஏற்றினார். அதே தெருமுனை, அதே மேடு. தடால் என்று அடித்தட்டு இடிக்க, என் கண்ணில் பொறி பறந்தது.

அவர் இறங்கிப்போய்ப் பின்சில்லுகளைப் பார்த்துவிட்டு வந்தார். "பாரம் கூடிப்போச்சு. அதைத் தாங்கக் காத்தடிச்சால் உமக்குக் கல்லு. காத்தை இப்பிடியே விடுறதெண்டால் சாமானை இறக்கோணும். குரோய்டன் கடையில அரிசி இல்லையே?"

"அரிசி இருக்கும். அது நான் கொண்டு போற அரிசி இல்லை."

வெறுங்கையோடு மகளிடம் போவதா? அதற்கு இங்கேயே கிடக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது. வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன், அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். மூச்சு வாங்கியபோதுதான் விளங்கியது. ஒன்று சாமான் போகும், அல்லது நான் போவேன்.

"இறக்குங்கோ," என்றேன்.

பிறகு அந்தப் பயணம். மேடுகள் வந்தபோது வான் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டது, அவ்வளவுதான். மரக்கிளைகள் வந்தன, சிவப்பு விளக்கு வந்தது, விளக்கடியில் நின்ற பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ஒரு குழந்தை எனக்குக் கைகாட்டியது. திடீரென்று கூரைகளெல்லாம் மறைந்து வெளிச்சம் கூடியது. தேம்ஸைக் கடக்கிறோம் என்று தெரிந்துகொண்டேன். ஆறு கண்ணில் படவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் வானின் உட்கூரையில் நெளிந்தது. கண் சொக்கியது. வானத்தின் குறுக்கே ட்ராம் கம்பிகள் தெரிந்தபோது குரோய்டன் வந்துவிட்டது.

மகள் வாசலுக்கு இறங்கி வந்தாள். வானின் படி அவளுக்கு எட்டாத உயரம். என் கணவர் ஒரு சுவிட்சை அழுத்தக் காற்று உஸ்ஸென்று இறங்கி, வான் நடைபாதையை நோக்கித் தாழ்ந்தது. வயிற்றைத் தாங்கியபடி உள்ளே ஏறி வந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. அவளைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றாக வந்தது.

"ஒண்டும் கொண்டு வரேல்லை பிள்ளை. எல்லாத்தையும் இறக்கிப்போட்டு வந்திட்டன். எனக்குச் சமைக்கவும் ஏலாது, நாளைக்குப் பிள்ளையைத் தூக்கவும் ஏலாது..."

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ," என்றாள்.

தள்ளினேன். பக்கத்தில் சரிந்து, என் முகத்தைப் பார்த்தபடி படுத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கம்மா. இரவிரவா முழிச்சுக்கொண்டு கிடக்கிறன். வாற ஆக்கள் எல்லாரும் சாப்பாடு தந்திட்டு, தைரியமா இரு எண்டு சொல்லிட்டுப் போகினம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு நான் எழும்பத் தேவையிருக்கவில்லை.