கேற்றடி ஒழுங்கை

பட்டினம் பெருகப் பெருக, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போக எங்கள் ஒற்றை ஒழுங்கைப் பாதையைத்தான் நம்பியிருந்தது. ரயில் கேற்றைத் தாண்டியதும் இடப்பக்கம் எங்கள் வீட்டு வளவு, வலப்பக்கம் அம்மான் வளவு. அம்மாவின் கூடப்பிறந்த தமையன்தான். ஆனாலும் என்னைப் பெற்ற ஐயாவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

வேலி அடைக்கும் காலம் வந்தால் ஐயா புதுக் கதியால் தடியைப் பழைய குழியில் ஊன்றமாட்டார். ஒழுங்கைப் பக்கமாக நாலு விரல் தள்ளித்தான் நடுவார். அதைக் கண்டதும் அம்மானும் தன் பக்கம் தள்ளுவார். முன்பு இரண்டு வண்டில் விலகிப் போன ஒழுங்கையில், கடைசியில் ஒன்று போவதே பெரும்பாடாகிவிட்டது. அகலமாக்கச் சொல்லி ஊரார் வந்தபோது இருவரும் அவரவர் வேலிப் படலையில் கத்தியோடு நின்றார்கள். முதலில் வேலியை எடுப்பவன் களவை ஒத்துக்கொண்டவன், இதுதான் அந்த இரண்டு பேருடைய சட்டம். நாசமாய்ப் போன சட்டம்!

அக்கா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் தலைப்பிள்ளை. பிரசவ நோ கண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தும் பிள்ளை பிறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அத்தான் வண்டிலைப் பூட்டினார். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அம்மா வண்டிலுக்குள் அக்காவைப் பிடித்திருக்க, நான் பக்கத்தில் ஓடி வந்தேன்.

கேற்றைத் தாண்டி மாடுகள் ஒழுங்கைக்குள் தலை வைத்த நேரம், எதிரே புகையிலைச் சிப்பம் ஏற்றிய அம்மானின் வண்டில். எங்கள் வண்டிலின் பின்பக்கம் இன்னும் தண்டவாளத்தில் நின்றது. பின்னுக்குத் தள்ளினால் வண்டிற் சில்லு தண்டவாளத்தில் இடறியது.

"கோச்சி வருது! எடுங்கோ, எடுங்கோ!" கேற்காரன் சிவப்புக் கொடியோடு ரயிலை மறிக்க ஓடினான்.

"அக்காவை இறக்குங்கோ!" என்று கத்தினேன்.

"ஏலாதடா, தலை வந்திட்டுது!" என்றா அம்மா.

சத்தம் கேட்டு ஐயா கொட்டன் தடியோடு ஓடிவந்தார். மகளைப் பார்த்தாரா? இல்லை. "டேய், வண்டிலைப் பின்னாலை எடடா!" என்று அம்மானைப் பார்த்துத்தான் உறுமினார்.

"நீ உன்ரை வேலியைப் பின்னாலை எடு!" என்றார் அம்மான்.

எனக்கு விசர் பிடித்தது. அத்தானின் வண்டிலில் கிடந்த கத்தியை இழுத்தெடுத்து எங்கள் வேலியை வெட்டினேன். கதியால் சரியச் சரிய ஐயாவின் கொட்டன் என் முதுகில் விழுந்தது. "வேலியிலையோடா கை வைக்கிறாய்!" தோள்மூட்டு விட்டுப்போனது. மற்றக் கையால் வெட்டினேன். வழி பிறந்தது.

"அம்மான், வண்டிலை எங்கடை வளவுக்கை விடுங்கோ!"

அந்த மனுசன் அசையவில்லை. "உன்ரை கொப்பற்றை காணிக்குள்ளை நான் சில்லு வைக்கமாட்டன். நாளைக்கே என்னைக் கோட்டுப்படி ஏத்துவான்."

ரயில் கூவியது. நான் கத்தியின் பிடியால் அவருடைய மாட்டின் முதுகில் ஓங்கி அடித்தேன். மாடுகள் மிரண்டு எங்கள் வளவுக்குள் பாய்ந்தன. வண்டில் குடைசாய்ந்து, சிப்பங்களோடு அம்மானும் உருண்டார். அத்தான் மாடுகளின் வாலை முறுக்கினார். எங்கள் வண்டில் எகிறி முன்னே பாய்ந்தது. இன்ஜின் அதன் பின்பலகையைச் சீவிக்கொண்டு போனது. அந்த இழுவையில் வண்டில் சுழன்று அம்மானின் வேலியில் மோதிச் சாய்ந்தது.

பிள்ளை சாய்ந்த அந்த வண்டிலுக்குள்தான் பிறந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை. அம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அடித்தா, வாயில் ஊதினா. ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே ஐயாவும் அம்மானும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்தபடி மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மா கட்டில் ஓரம் இருந்தா. அக்கா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். திரும்பாமலே, "ஐயா, வேலி எப்பிடி இருக்கு?" என்றாள்.

மகள் கதைத்துவிட்டாளே என்று அவருக்கு முகம் மலர்ந்தது.

"அடுத்த நாளே நிமித்திக் கட்டிப்போட்டன் பிள்ளை. ஒரு தடி குறையேல்லை."

அக்கா கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். கட்டிலடியில் இருந்த செம்பைத் தண்ணீரோடு தூக்கி அவர் முகத்தில் எறிந்தாள். நெற்றி வெடித்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் கண் தெரியாமல் கையை நீட்டி அம்மா பக்கம் தடவினார். அம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.